என்ன கறை, எப்போது பட்டது

கறைக்காரம்மா யாரிடமும் இரண்டே கேள்விதான் கேட்பாள். என்ன கறை, எப்போது பட்டது. அதற்கு மேல் ஊர்க்கதை எதுவும் அவளுக்கு வேண்டாம். கேட்கும்போது ஆளின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள், துணியைத்தான் பார்ப்பாள். சிலர் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள். சிலர் மென்று முழுங்குவார்கள். "ஏதோ பட்டுடுச்சும்மா" என்று இழுத்த ஒரு பெரிய மனிதரிடம் அவள் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஏதோன்னு ஒரு கறை கெடையாது சார். காப்பியா, மையா, ரத்தமா, மதுவா, எதுன்னு சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல. நீங்க பொய் சொன்னா எனக்கொண்ணும் இல்ல, உங்க கோட்டுதான் வீணாப் போகும்."

அவர் காதுமடல் சிவக்க, மது என்றார். நேற்று சாயங்காலம் என்றார். அவள் டேக்கில் எழுதினாள். எங்கள் கடை டேக் சின்ன மஞ்சள் அட்டை. அதில் மூன்று வரி: பெயர், கறை, எப்போது. மூன்றும் நிரம்பாமல் எந்தத் துணியும் தொட்டிக்குப் போகாது.

எங்கள் கடை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கடை அவளுடையதும் அவள் கணவருடையதும்தான். தெருவில் அவரை இஸ்திரிக்காரர் என்பார்கள். நான் முன்பக்க ஜன்னலோரம் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தையல்காரன். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, கால்சட்டை நுனியை மடித்துத் தைப்பது என்று பத்தொன்பது வருடம் அந்த ஜன்னலோரத்திலேயே போய்விட்டது. நடுவில் கவுண்டர். அதற்குப் பின்னால் இஸ்திரிக்காரரின் மேஜையும் நீராவிப் பெட்டியும். கடைசியில் சிமென்ட் தொட்டியும் இரண்டு குழாய்களும். அது கறைக்காரம்மாவின் ராஜ்யம். தொட்டியின் பக்கத்திலிருந்து ஏறும் படி அவர்கள் வீட்டுக்குப் போகிறது. தலைக்கு மேல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் இரும்புக் கம்பியில் சட்டைகளும் கோட்டுகளும் தொங்கும். மழைக்காலத்தில் எதுவும் காயாது, கடை முழுக்க ஈரத்துணி வாடை அடிக்கும். வெயில் காலத்தில் இஸ்திரிக்காரர் வெந்து போவார். மற்றபடி குறை சொல்ல முடியாத இடம்.

அவர்களுக்கு ஒரே பெண். பல் முளைத்த வயதில் பச்சைப் பட்டாணியைத் தவிர வேறெதையும் வாயில் வாங்காததால் பட்டாணி என்றே பெயர் நின்றுவிட்டது. ஏழு வயதில் எங்கேயோ விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, சாக்ஸெல்லாம் ரத்தமாக வந்து நின்றாள். கறைக்காரம்மா காலுக்கு மருந்து போட்டுவிட்டு, அதே சூட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெண்ணைத் தொட்டியருகே ஏற்றி நிறுத்தினாள்.

"ரத்தத்துக்கு எப்பவும் பச்சத் தண்ணிதான். வெந்நீர்ல போட்டேன்னு வையி, கறை அங்கேயே குடித்தனம் வந்துடும். தேய்க்காதே. பின்பக்கமாத் திருப்பி ஒத்து. காய விட்டுடக் கூடாது, அவ்வளவுதான்."

சாக்ஸ் வெளுத்ததைப் பார்த்து அந்தக் குழந்தை கைதட்டியது. நானும் கைதட்டினேன்.

பட்டாணியைப் போல அன்பு வைக்கிற பிறவியை நான் பார்த்ததில்லை. பத்து, பதினொரு வயதில் துண்டுக் காகிதத்தில் எதையாவது எழுதி, இஸ்திரி போட்ட கோட்டுப் பைகளில் யாருக்கும் தெரியாமல் வைத்துவிடுவாள். 'இந்த நிறம் உங்களுக்கு அழகா இருக்கு.' 'இன்னிக்கு நல்லாச் சாப்பிடுங்க.' மனைவியை இழந்த ஒரு தபால்காரர் அந்தச் சீட்டைக் கையில் பிடித்தபடி வந்து, இதை யார் எழுதியது என்று கேட்டார். சொன்னோம். சற்று நேரம் கவுண்டரிலேயே நின்றுவிட்டுப் போனார். அடுத்த வாரம் அழுக்கே இல்லாத கோட்டைச் சலவைக்குக் கொண்டுவந்தார்.

பதிமூன்று வயதுக்குப் பிறகு அந்த அன்புக்கு ஒரு நிதானம் இல்லாமல் போயிற்று. ஒரு புதன்கிழமை என் மெஷின் மேல் கையூன்றி, "மாமா, இந்த வீட்டுலேயே நீங்க ஒருத்தர்தான் மனுஷர்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை அவள் பாவாடைக்கு முன்னால் வேறொருவர் பாவாடையைத் தைத்துவிட்டேன். "நீங்களும் அவங்கள மாதிரிதான். சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்கிற ஆளு" என்றாள். அப்புறம் இருபத்திரண்டு நாள் என் பக்கம் திரும்பவில்லை. ஏன் எண்ணினேன் என்றால், எனக்குப் பேசுவதற்கு வேறு யாரும் கிடையாது. இருபத்து மூன்றாம் நாள் காலையில் தோலுரித்த அவித்த முட்டை ஒன்று என் மெஷின் மேல் தட்டில் இருந்தது. அதுதான் சமாதானம். எடுத்துச் சாப்பிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு தோழி. உயரமான பெண் என்பதால் நெட்டை என்பாள். நெட்டை என்றால் உயிர். நெட்டை போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் பட்டாணியின் முகம் வெளுத்துவிடும். ஒரு நாள் நாற்பத்தேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நெட்டையின் அம்மா கடைக்கே வந்து, "உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா எங்க பொண்ணுக்கு மூச்சு முட்டுது" என்றார். அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன்.

வீட்டில் சண்டை வந்தால் கதவுகள் அடிபடும், தட்டு பறக்கும். சண்டைக்குக் காரணம் உப்புப் பெறாத விஷயமாக இருக்கும். ஆனால் அவள் அழுவது உப்புப் பெறாத அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் அழுகை அது. கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ ஜிப் மாற்றியிருக்கிறேன்.

இஸ்திரிக்காரருக்கு ஒரு வைத்தியம்தான் தெரியும். பேசாமல் இருந்துவிடுவார். மகள் எதிரே வந்து நின்றாலும் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்ப்பார்.

"இப்படிப் பேசாம இருக்கீங்களே, அது பாவமில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேசினா ஏறுது தையக்காரரே. பேசாம விட்டா மூணு நாள்ல இறங்கிடும். எங்கப்பா என்னை அப்படித்தான் வளத்தாரு."

"நீங்க இறங்கினீங்களா?"

"வேற வழி?" என்று அடுத்த சட்டையை எடுத்தார்.

கறைக்காரம்மா, "வயசு அப்படிண்ணே. எனக்கும் அந்த வயசுல மூக்கு மேலதான் கோவம் இருந்துச்சு" என்பாள். சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் குனிந்துகொள்வாள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பதினான்கு முடிந்த சமயம், நல்ல வெயில் காலம். பள்ளிச் சட்டைகள் ஐந்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, இதெல்லாம் அரைக்கை. முழுக்கை ஆக்கித் தர முடியுமா?"

"இந்த வெயில்ல முழுக்கையா? வேகவா போறே?"

"வெயில் பட்டா கறுத்துடறேன் மாமா."

"கறுத்தா என்ன, பட்டாணியைக் கொண்டக்கடலைன்னு கூப்பிடறோம்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் விழுந்தேன். துணி கிடைக்காமல் அலைந்து, அதே நிறத்தில் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் பிடித்து, ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் கையை நீட்டி, மணிக்கட்டில் இரண்டு பொத்தான் வைத்த பட்டியோடு தைத்துக் கொடுத்தேன். என் வேலையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். கறைக்காரம்மாகூடத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க சேருதுன்னே தெரியலியேண்ணே" என்றாள். ஏன் என்று யாரும் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து மழை. ஓட்டல் ஒன்றின் பணியாளர் வெள்ளைக் கோட்டுகள் நாற்பது, இஸ்திரி முடிந்து கம்பியில் வரிசையாகத் தொங்கின. பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும். முந்தின வாரம் நெட்டை வேறு தோழிகளோடு சேர்ந்துகொண்டு, பட்டாணியின் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். அதன்பேரில் வீட்டில் ரகளை. இஸ்திரிக்காரரின் மௌனத்துக்கு அன்று மூன்றாம் நாள். வழக்கப்படி இறங்க வேண்டிய நாள்.

பத்து மணிக்குப் பட்டாணி கீழே வந்தாள். தலை வாரவில்லை.

"அம்மா, என் கூட நெட்டை வீடு வரைக்கும் வர்றியா? நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"இப்பவா? பன்னெண்டு மணிக்குக் கோட்டெல்லாம் போகணும்டி. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு வரைக்கும் என்னால முடியாதும்மா."

"முடியாம என்ன, சாப்பிட்டுப் படு, எல்லாம் முடியும்."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, நான் இங்கதான் நிக்கறேன். தெரியுதா?"

நீராவி உஸ்ஸென்று கிளம்பியது.

"மூணு நாளாச்சு. ஏதாவது சொல்லுங்கப்பா. திட்டவாவது திட்டுங்க."

அவர் மடிப்பைப் பார்த்துத் தேய்த்தார். தேய்த்த அதே மடிப்பையே அவர் மறுபடி மறுபடி தேய்த்ததை நான் பார்த்தேன். அவள் பார்த்திருக்கமாட்டாள். எட்டிக் கம்பியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. நாற்பது கோட்டுகளும் ஈரத் தரையில் விழுந்தன.

அப்போதுதான் இஸ்திரிக்காரர் வாயைத் திறந்தார்.

"நீ ஒருத்தி இல்லேன்னா இந்த வீடு நிம்மதியா இருக்கும்."

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். பட்டாணி அவரையே பார்த்தாள். பிறகு, "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

நாங்கள் மூன்று பேரும் குனிந்து கோட்டுகளைப் பொறுக்கினோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் செய்தோம். எது நனைந்தது, எதில் சேறு, எதற்கு மறுபடி இஸ்திரி என்று பிரித்தோம். "அண்ணே, இந்த ஓரத்தைப் பிடிங்க" என்று கறைக்காரம்மா சேற்றை ஒற்றி எடுத்தாள். அவள் கை ஓடிய வேகத்தைப் பார்த்தால் அன்று கடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம். இருபது நிமிடம் இருக்கும். திடீரென்று தொட்டிக்குள் அவள் கை நின்றது.

"ஏங்க, மேல சத்தமே இல்லையே."

எப்போதும் கதவு அடிபடும். அன்று அடிபடவில்லை. கை ஈரத்தோடு அவள் படியேறி ஓடினாள். நாங்களும் ஓடினோம். உள்ளே என்ன பார்த்தோம் என்பதை நான் சொல்லப் போவதில்லை. உயிர் இருந்தது. மழையில் வண்டி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயதானவர், அவசரப்படாமல் பேசுகிறவர். உயிருக்குப் பயமில்லை என்று முதலில் சொன்னார். அதைச் சொன்ன பிறகுதான் இஸ்திரிக்காரரால் நாற்காலியில் உட்கார முடிந்தது.

"இது முதல் தடவை இல்ல. பழைய தழும்பு நிறைய இருக்கு. எத்தனை நாளா இப்படி?"

"தழும்பா?" என்றார் இஸ்திரிக்காரர். பொய் இல்லை. அந்த மனிதருக்கு நிஜமாகவே தெரியாது.

டாக்டரம்மா கறைக்காரம்மாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து, "தெரியலீங்க" என்றாள்.

டாக்டரம்மா நிறையக் கேட்டார். ஒருவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாளா, மறுநாளே அவரைக் கண்டால் ஆகாதா? யாராவது விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று தவிப்பாளா? உள்ளே காலியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாளா? ஒவ்வொன்றுக்கும் நாங்கள் தலையாட்டினோம்.

"இதுக்கு என்ன பேருங்க?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுன்னு சொல்லுவோம். இருக்கலாம்னுதான் சொல்றேன், இருக்குன்னு சொல்லல. பதினாறு வயசு. பேர் வைக்க இப்ப அவசரம் இல்ல. சிகிச்சைக்கு அவசரம் இருக்கு. உங்களுக்குத் தூறலாப் படறது அவளுக்கு அடைமழையா விழுது, அதை மட்டும் புரிஞ்சுக்குங்க. நடிக்கிறான்னு நெனக்காதீங்க."

"நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேங்க, காலையில" என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் எழுந்து வெளியே போனார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

நீளமான நடைபாதையில் நானும் கறைக்காரம்மாவும் உட்கார்ந்திருந்தோம். யாரோ வாங்கிக் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நான் டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"பதினோரு மாசம். எனக்குத் தெரியும்."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"முதல்ல சட்டைக் கையோட உள்பக்கம், ஒரு சின்னக் கோடு. ஏதோ கீறியிருக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை எதையும் நெனைக்கல. கை அது பாட்டுக்குக் குழாயத் திறந்துச்சு. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, சில வாரம் ரெண்டு. கூடையில மேலாகவே இருக்கும். எடுப்பேன், பச்சத் தண்ணியில போடுவேன், பின்பக்கமா ஒத்துவேன். ஒரு பொட்டு விட்டதில்லண்ணே. ஒரு பொட்டுகூட."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஊர்ல இருக்கிறவன் எல்லாரையும் கேக்கறேன். அவளைக் கேக்க வாய் வரல. கேட்டா சொல்லிடுவாளேன்னு பயம்."

அதன் பிறகு நான் சட்டைக் கைகளைப் பற்றிச் சொன்னேன். முழுக்கை தைத்தவன் நான், ஏன் என்று கேட்காதவன் நான். அவள் என் பக்கம் திரும்பாமலே, "தெரியும்ணே" என்றாள். ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்ள எங்களிடம் ஒன்றும் இல்லை.

நர்ஸ் வந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். பட்டாணியின் சட்டை. கறைக்காரம்மா அதைப் பிரித்தாள். எழுந்தாள். நடைபாதைக் கடைசியில் கைகழுவும் தொட்டி ஒன்று இருந்தது. அங்கே போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். அப்படியே நின்றாள். நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன். குழாயை மூடினாள். சட்டையை அதே பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தான் சொன்னது பொய் என்று டாக்டரம்மாவிடம் அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டாள்.

பதினெட்டு நாள் கழித்துப் பட்டாணி வீட்டுக்கு வந்தாள். வாரம் இரண்டு நாள் ஒரு ஆலோசகரிடம் போக வேண்டும், ஒரு நாள் அவள் மட்டும், இன்னொரு நாள் பெற்றவர்களும். அந்த ஆலோசகர் இளைஞர். அவள் சொல்வதை முதலில் காது கொடுத்துக் கேளுங்கள், அவளுக்கு வலிக்கிறது என்பது புரிகிறது என்று அவளிடமே சொல்லுங்கள், சரி தப்பெல்லாம் பிறகு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். இஸ்திரிக்காரருக்கு அது எழுத்துப் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. வாக்கியங்களை மறந்துபோகிறார் என்று டேக் அட்டைகளில் எழுதி, மேஜையோரத்தில் குத்தி வைத்துக்கொண்டார். 'உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது.' 'நீ கோவப்படறதுல அர்த்தம் இருக்கு.' மகள் குரல் உயர்ந்தால் கண் அங்கே ஓடும்.

ஒரு நாள் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னப்பா இது? எனக்கும் டேக் குத்திட்டீங்களா?"

"இல்லம்மா, அது வந்து..." அவர் கண் அட்டைக்குத்தான் போயிற்று. "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது."

"படிக்கிறீங்கப்பா. பாத்துப் படிக்கிறீங்க."

அத்தனை அட்டையையும் பிய்த்துக் கிழித்தாள். என் மெஷினுக்கு எதிரே துண்டுகள் விழுந்தன. இஸ்திரிக்காரர் பெட்டியை நிறுத்தி வைத்தார்.

"எனக்குப் பேசத் தெரியலம்மா. படிச்சாவது சொல்லலாம்னு பாத்தேன். நான் எங்கேயும் போகல. இங்கதான் இருக்கேன்."

அது எந்த அட்டையிலும் இல்லாத வாக்கியம். அவள் மேலே போனாள். கதவு அடிபட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்களுக்கு அன்று நிம்மதியாக இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். தட்டு இன்னமும் பறந்தது. ஒரு வாரம் நான் மறுபடி கழுத்தறுக்கிற ஆளானேன். ஒரு இரவு மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தது. ஆனால் யாரும் பேசாமல் இருக்கவில்லை.

அந்தப் பையிலிருந்த சட்டையைக் கறைக்காரம்மா கம்பியின் கடைசியில், கண்ணாடித்தாள் உறை போட்டு மாட்டியிருந்தாள். டேக் குத்தியிருந்தாள். பெயர் என்ற வரியில் மட்டும் 'என் மகள்' என்றிருந்தது. மற்ற இரண்டு வரிகளும் காலி. வாடிக்கையாளர் துணி வரும், போகும், அது மட்டும் போகாது. எடுத்துவிடலாமே என்று நான் ஒருதரம் சொன்னேன். "இருக்கட்டும்ணே, பாக்கணும்னா அவ பாக்கட்டும்" என்றாள்.

மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடை பாதிக் கதவு சாத்தியிருந்தது. வெளியே வெயில் வந்திருந்தது. ரொட்டியும் சூப்பும் சாப்பிட்ட கிண்ணங்கள் கவுண்டரிலேயே இருந்தன. கம்பியில் துணிகளை நிறவாரியாக மாற்றி மாட்டிக்கொண்டிருந்த பட்டாணி, கடைசி வரை போய் நின்றாள். கவனிக்காதவள் இல்லை. அத்தனை நாளும் தாண்டிப் போனவள் அன்று உறையைத் தொட்டாள்.

"இதை ஏம்மா இன்னும் தோய்க்கல?"

கறைக்காரம்மா தொட்டியிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். "எழுதாம எப்படித் தோய்க்கறது."

"இனிமே போகாது. காஞ்சு மூணு மாசமாச்சு."

"தெரியும். போக வேண்டாம்." அவள் கவுண்டருக்கு வந்து பென்சிலை எடுத்தாள். முதல் தடவையாக, துணியைப் பார்க்காமல் ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "என்ன கறைம்மா? எப்பப் பட்டுச்சு?"

பட்டாணி வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் தன் சட்டைக் கைப் பட்டியின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் தைத்த பொத்தான்.

"இதை மட்டும் கேக்கறியா, எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பதினோரு மாசத்தையும்."

"பதினோரு மாசம் இல்லம்மா, ரெண்டு வருஷம். முதல் வருஷம் நானே தோய்ச்சுட்டேன். பச்சத் தண்ணியில, பின்பக்கமா ஒத்தி. நீ சொல்லிக் குடுத்தியே."

கறைக்காரம்மா கையில் பென்சில் அப்படியே நின்றது.

"அப்புறம் தோய்க்கறத நிறுத்திட்டேன். அப்படியே கூடையில போட்டேன், மேலாக, உன் கண்ணுல படற மாதிரி. வர்றவங்க போறவங்க எல்லாரையும் கேக்கறியே, என்னையும் கேப்பேன்னுதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. இதில் நடந்தது இதுதான் என்று கவுண்டரில் துணியைப் போட்டுச் சொல்கிறவர்கள் மாதிரி சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் போய்ப் பாத்தா, வெள்ளையா, இஸ்திரி போட்டு, கட்டில் மேல மடிச்சு வச்சிருப்பீங்க."